ஆடியில் பருவம் தப்பிய வெண்பன்றிகள்: அரசலாற்றங்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே, அரசலாற்றை ஒட்டி ஒரு சிறு வெண்பன்றிப் பண்ணை. ஆறு தாய்ப் பன்றிகள், ஒரு பொலிப்பன்றி. பண்ணையைப் பெரிதாக்கும் எண்ணத்தில், தை மாதக் கடைசியில் பிறந்த குட்டிகளில் பத்துப் பெண் குட்டிகளை விற்காமல் நிறுத்திக்கொண்டார் பண்ணையாளர். எல்லாம் பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பு. இந்தக் கலப்பில் ஐந்தரை மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் முதல் பருவம், அதாவது ஆணைச் சேரத் தயாராகும் அறிகுறி, தெரிய வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு என்னை அழைத்தார்கள். அப்போது குட்டிகளுக்கு எட்டு மாதம் தாண்டியிருந்தது. பருவத்துக்கு வந்தவை நான்குதான்.

"பொலிப்பன்றியை மாற்றிவிடலாமா ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார். பண்ணைகளில் எந்தக் குறைக்கும் முதலில் பழி ஏற்பது பொலிப்பன்றிதான். சினை பிடிக்கவில்லை என்றால் அதைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. பருவத்துக்கே வராத பெண் பன்றிக்கு அதன் விந்து எப்படி இருந்தால் என்ன? தகப்பனோடு மகளைச் சேர்க்கக் கூடாது என்பதற்காக அந்தப் பொலிப்பன்றியைப் பக்கத்து ஊர்ப் பண்ணையிலிருந்து மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அது ஏற்கெனவே மூன்று தாய்களைச் சினையாக்கியிருந்தது.

கொட்டிலுக்குள் பார்த்ததும் கண்ணில் பட்டது வேறு. ஒரே மாதத்தில், ஒரே பொலிப்பன்றிக்குப் பிறந்த பத்து உருப்படிகள் பத்து விதமாக நின்றன. நாடா வைத்து அளந்தோம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, காதடியிலிருந்து வால் அடிவரை உள்ள நீளத்தால் பெருக்கி, பிறகு 69.3 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். மிகப் பெரியது 112 கிலோ. மிகச் சிறியது 54 கிலோ. பருவத்துக்கு வந்த நான்கில் இரண்டு, அந்தக் கூட்டத்திலேயே மிகக் கொழுத்தவை.

தீனி எங்கிருந்து வந்தது

பண்ணையின் முக்கியத் தீனி கும்பகோணத்துக் கல்யாண மண்டபங்களின் மிச்சச் சோறு. டெல்டாவில் வெண்பன்றி வளர்ப்பவர்கள் பலருக்கும் இதுதான் வழி. கலவைத் தீவனம் மட்டுமே போட்டுப் பன்றி வளர்த்தால் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடும். ஆகவே மண்டபக் கழிவைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். கொதிக்க வைக்காமல் போடுவதைத்தான் குறை சொல்வேன். 2020இல் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் மாநிலத்தையும் எட்டிப் பார்த்துவிட்டது. அதற்குத் தடுப்பூசி போட்டுத் தப்பிக்கும் நிலை இங்கே இல்லை. இறைச்சித் துண்டு கலந்த கழிவை அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க விடாமல் தொட்டியில் கொட்டுவது வினையை விலைக்கு வாங்குவது.

இந்தப் பண்ணையில் கொதிக்க வைத்தே போட்டார்கள். சிக்கல் அளவில் இருந்தது.

முகூர்த்த நாட்களைப் பாருங்கள். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணியில் மீண்டும் மேளம். புரட்டாசியில் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை முடிந்தால் மார்கழியில் மறுபடி வெறிச்சோடும். பன்றியின் தொட்டியும் இதே பஞ்சாங்கப்படிதான் நிறைந்தது, வற்றியது.

தையில் பிறந்த குட்டிகள் எட்டு வாரத்தில் பால் மறந்து, சித்திரை, வைகாசி, ஆனியில் வயிறு முட்டத் தின்று வளர்ந்தன. ஐந்து மாதம் ஆனபோது ஆடி வந்தது. பருவமடையும் வாசலில் நிற்கிற வயது. அந்த மாதம் முழுவதும் வடிகஞ்சி, வாழைத் தண்டு, உள்ளூர் ஹல்லர் மில்லில் கிடைத்த தவிடு, இவை மட்டும்.

அந்தத் தவிட்டைக் கையில் அள்ளிப் பார்த்தேன். பாதிக்குமேல் உமி. நல்ல அரிசித் தவிட்டில் புரதம் 12 முதல் 13 சதம் இருக்கும். உமியோடு அரைத்த ஹல்லர் தவிட்டில் அது பாதிக்கும் கீழே போய்விடும், நார்தான் மிஞ்சும். பன்றிக்கு மாட்டைப் போல நாலு அறை வயிறு கிடையாது, உமியைத் தின்று அதனால் உடம்பு வைக்க முடியாது. "தினமும் இரண்டு கூடை போட்டேனே" என்றார். கூடைக் கணக்கில் ஏமாறாதவர் யாரும் இல்லை. மண்டபக் கழிவிலும் இதே கதைதான். அதில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர். பத்து கிலோ கழிவில் உலர்ந்த தீனி இரண்டு, இரண்டரை கிலோ தேறினால் அதிகம். ரசமும் மோரும் மிகுந்த நாளில் அதுவும் தேறாது.

இன்னொன்று, பத்தும் ஒரே தடுப்பில், ஒரே தொட்டியில் தின்றன. தொட்டி நீளம் ஆறு உருப்படிக்கே போதாது. தீனி குறைந்த நாளில் பன்றிகள் பங்கு போட்டுக்கொள்வதில்லை. வலுத்தது தின்றது, இளைத்தது ஒதுங்கி நின்றது. பண்ணையின் சராசரித் தீனி அளவு என்று ஒன்றைக் கணக்கிட்டுச் சொன்னால் அந்த எண் எந்தப் பன்றிக்கும் பொருந்தாது. முதல் இரண்டுக்கு ஆடியிலும் விருந்து. கடைசி நான்குக்கு ஆனியிலேயே ஆடி.

வேறு காரணங்கள்

தீனி என்று முடிவு கட்டும் முன் மற்றவற்றை விலக்க வேண்டும். பருவமழைக் காலத்தில் ஈரம் பட்ட மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால், அதிலிருந்து வரும் சீரலினோன் என்ற நச்சு பெண் ஹார்மோன் போலவே வேலை செய்யும். சிறு குட்டிகளுக்கும் பிறப்புறுப்பு வீங்கிச் சிவக்கும், பார்ப்பவர் பருவம் என்று நம்புவார். இங்கே மக்காச்சோளமே வாங்கவில்லை, வீக்கமும் இல்லை. குடற்புழு இருந்தது. ஆனால் 112 கிலோ உருப்படிக்கும் இருந்தது. மருந்து கொடுத்தோம்.

மிஞ்சிய கேள்வி ஒன்றுதான். அந்த ஆறும் உண்மையிலேயே பருவமடையவில்லையா, இல்லை வந்ததைப் பண்ணையில் யாரும் பார்க்கவில்லையா? இளம் பெண் பன்றியின் முதல் பருவம் ஒன்று, ஒன்றரை நாளில் முடிந்துவிடும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் முதுகை அழுத்திப் பார்த்தால்தான் அசையாமல் நிற்பது தெரியும். இங்கே கவனித்தது தீனி போடும் பகல் வேளையில் மட்டும்.

மிகச் சிறிய இரண்டையும் இறைச்சிக்கு விற்கப் பண்ணையாளர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். அறுத்த இடத்தில் சினைப்பைகளை வாங்கிப் பார்த்தேன். 54 கிலோ உருப்படியின் சினைப்பையில் சிறு சிறு நுண்பைகள் மட்டுமே, திராட்சைக் கொத்தில் இன்னும் பழுக்காத காய்கள்போல. முட்டை வெளியேறிய தழும்பு ஒன்றுகூட இல்லை. அது பருவமே அடையவில்லை. மற்றது 61 கிலோ. அதில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலங்கள் தெளிவாக இருந்தன. குறைந்தது ஒரு பருவமாவது வந்துபோயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

ஆக, எண்ணிக்கை நான்கு என்று சொன்னதே தவறு. பண்ணைகளிலிருந்து வரும் "பருவத்துக்கு வரவில்லை" என்ற புகாரில் ஒரு பங்கு எப்போதும் "பார்க்கவில்லை" என்பதுதான். எந்த அளவு என்று உயிருள்ள பன்றியை வெளியே நின்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

தீனிக்கும் சினைப்பைக்கும் உள்ள வழி

பெண் பன்றி பருவமடைய வயதும் வேண்டும், உடல்நிலையும் வேண்டும். மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக இரத்தத்தில் விடுகிறது. பருவமடையும் காலத்தில் இந்தத் துடிப்புகள் நெருங்கி வர வேண்டும். அப்போதுதான் நுண்பைகள் பெருத்து முட்டை வெளியேறும். தீனி சட்டென்று குறைந்தால் இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது, ஐ.ஜி.எஃப். 1 என்ற வளர்ச்சிக் காரணி குறைகிறது. துடிப்புகள் சில நாட்களிலேயே தேய்ந்துபோகின்றன. மீண்டும் வயிறாரப் போட்டால் அவை திரும்புவதும் வேகமாகத்தான். ஆவணியில் மண்டபங்கள் திறந்ததும் இரண்டு உருப்படிகள் பருவத்துக்கு வந்ததை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. வளரும் பெண் பன்றிக்கு எப்போதும் கட்டுப்பாடில்லாமல் போடு என்பதல்ல இதன் பொருள். முழு வயிற்றுத் தீனியில் 75, 80 சதம் அளந்து கொடுத்து, அதில் புரதமும் தாதுவும் குறையாமல் பார்த்துக்கொண்டால் பருவம் பெரிதாகத் தள்ளிப்போவதில்லை. கால்களுக்கு நல்லது, கொழுப்பும் ஏறாது. மிதமான அளவுக்கட்டும் பட்டினியும் வேறு வேறு. இந்தப் பண்ணையில் நடந்தது அளவுக்கட்டு அல்ல. மூன்று மாதம் விருந்து, ஒரு மாதம் பஞ்சம், பிறகு விருந்து, பிறகு மீண்டும் பஞ்சம். அதுவும் முதல் பஞ்சம் விழுந்தது ஐந்து மாத வயதில். அதே பஞ்சம் மூன்றாம் மாதத்தில் வந்திருந்தால் வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கி, பிறகு ஈடுகட்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

பருவமடைந்த பிறகும் தீனியின் கை ஓய்வதில்லை. 21 நாள் சுழற்சியின் பிற்பாதியில்தான் அடுத்த முறை வெளியேறப்போகும் முட்டைகள் தயாராகின்றன. அந்த நாட்களில் இளைக்கவிட்டால் முட்டையின் எண்ணிக்கையோ தரமோ குறையும், கருக்கள் தங்குவதும் குறையும். ஆகவேதான் அளவாக வளர்த்த பெண் பன்றிக்குச் சேர்க்கைக்கு முன் 10 முதல் 14 நாள் தீனியைக் கூட்டிக் கொடுப்பது. கூட்டிக் கொடுப்பதால் முட்டை கூடுவது அளவாக வளர்ந்த உடம்பில்தான். ஏற்கெனவே கொழுத்துக் கிடப்பதற்கு மேலும் கொட்டினால் ஒன்றும் கூடாது, தொட்டிதான் காலியாகும்.

கொழுத்தவள் கதை

112 கிலோவில் நின்ற உருப்படியைப் பண்ணையாளர் பெருமையாகக் காட்டினார். கொட்டிலில் முதலில் பருவத்துக்கு வந்தது, ஆவணியில் முதல் சேர்க்கையிலேயே சினை பிடித்தது. முதுகில் விரலை அழுத்தினால் எலும்பு தட்டவே இல்லை. சினைக்காலத்திலும் அது அடுத்ததன் பங்கையும் சேர்த்தே தின்றது.

114 நாள் கழித்து மார்கழியில் ஈன்றது. ஈனுவதற்கு நேரம் இழுத்தது. ஒன்பதில் இரண்டு செத்துப் பிறந்தன. மூன்று நாளுக்குள் இரண்டின் மேல் படுத்துவிட்டது. அதன்பின் தொட்டிப் பக்கம் அதிகம் போகவில்லை. சினைக்காலத்தில் கொழுத்த பன்றி பால் கொடுக்கும் காலத்தில் தீனியைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் இதை வெப்பத்தின்மேல் போட்டுத் தப்பிக்கலாம். மார்கழிக் குளிரில் அந்தச் சாக்கு இல்லை. எட்டு வாரத்தில் குட்டிகளைப் பிரித்தபோது விலா தெரிந்தது. பிரித்த ஒரு வாரத்தில் வரவேண்டிய பருவம் இரண்டு மாதமாகியும் வரவில்லை. விற்றுவிட்டார்.

இளைத்த பக்கத்திலும் சேதம் உண்டு. ஐப்பசியில் தீனியைச் சீராக்கியதும் மீதி நான்கில் மூன்று பருவத்துக்கு வந்தன. அடுத்த பருவம்வரை பொறுக்கச் சொல்லியும், எட்டு மாதம் வீணாகிவிட்டதே என்ற பதற்றத்தில் முதல் பருவத்திலேயே ஆணுக்கு விட்டுவிட்டார். அப்போது அவற்றின் எடை 75 கிலோ சுற்றுவட்டம். ஒன்று சினை பிடிக்காமல் 21ஆம் நாள் மீண்டும் பருவத்துக்கு வந்தது. மற்ற இரண்டும் ஆளுக்கு ஐந்து குட்டி போட்டன. முதல் பருவத்தைவிட இரண்டாம், மூன்றாம் பருவத்தில் ஓரிரு முட்டை கூடுதலாக வெளியேறும், உடம்பும் இன்னும் தேறியிருக்கும். அந்த மூன்று வாரப் பொறுமைக்கு ஒரு பன்றிக்கு நாற்பது, நாற்பத்தைந்து கிலோ தீவனம் செலவு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது தலையீற்றில் ஓரிரு குட்டி கூடுதல்.

மாற்றியது என்ன

அடுத்த தொகுதிக்கு மூன்றே மாற்றங்கள். எடை பார்த்துச் சிறியவற்றையும் பெரியவற்றையும் வெவ்வேறு தடுப்பில் விட்டு, தொட்டியின் மேல் இரும்புக் குழாய்த் தடுப்பு வைத்து, ஒவ்வொன்றும் தலை நுழைக்கத் தனி இடம் கொடுத்தோம். ஐந்தரை மாதத்திலிருந்து தினமும் காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் முதிர்ந்த பொலிப்பன்றியை அவற்றின் தடுப்புக்குள் விட்டு, உடன் நின்று பார்க்கச் சொன்னேன். பொலிப்பன்றியின் எச்சில் வாடையே பருவத்தைத் தூண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் கட்டி வைத்தால் அந்தப் பலன் பாதிதான். மூன்றாவது தீவனம்.

குருணை 45, நல்ல மில் தவிடு 28, கடலைப் புண்ணாக்கு 15, மீன் தூள் 10, தாது உப்புக் கலவை ஒன்றரை, உப்பு அரை என்று 100 கிலோவுக்குக் கணக்கு. புரதம் 17, 18 சதம் வரும். அரிசியும் கடலைப் புண்ணாக்கும் மட்டும் போட்டால் லைசின் என்ற அமினோ அமிலம் பற்றாது. அதை ஈடுகட்டவே மீன் தூள். நாகப்பட்டினம் பக்கமிருந்து மலிவாக வருகிறது என்று உப்பில் ஊறிய கருவாட்டுக் கழிவை வாங்கிவிடக் கூடாது. குடிநீரும் குறைந்த நாளில் உப்பு நஞ்சாகி, பன்றி தலையைச் சுவரில் முட்டிச் சாகும். மழைக்காலத்துக் கடலைப் புண்ணாக்கையும் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

60 கிலோ எடைவரை தின்னும் மட்டும். அதற்குமேல் நாளொன்றுக்கு 2.2 கிலோவும் கீரை, நீரில் மிதந்து வளரும் அசோலாவும். மண்டபச் சோறு கிடைக்கும் நாளில் கலவையைக் குறைத்து, நாலரைக் கிலோ சோற்றை ஒரு கிலோ கலவையாக வைத்துக் கழிக்கச் சொன்னேன். துல்லியமான கணக்கு இல்லை, கூடைக் கணக்கைவிட மேல். முதல் பருவத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்தது வருவதற்கு இரண்டு வாரம் முன்பு 3 கிலோவாக்கி, சேர்க்கை முடிந்த மறுநாளே 2 கிலோவுக்கு இறக்க வேண்டும். சினையின் கடைசி மாதத்தில் மீண்டும் ஏற்றலாம். ஈன்ற பிறகு தாய்க்கு 2 கிலோவும், குட்டி ஒன்றுக்குக் கால் முதல் அரைக் கிலோவும் சேர்த்து, எவ்வளவு தின்னுமோ அவ்வளவும்.

விளைவும் அதன் எல்லையும்

இரண்டாம் தொகுதி ஆடிக் கடைசியில் பிறந்து, தை, மாசியில் பருவ வயதைத் தொட்டது. எல்லாமே நேரத்துக்கு வந்தன. இதை வைத்துத் தீவனத்துக்கு மாலை போட நான் தயாரில்லை. குளிர் மாதம், முகூர்த்த மாதம், சம்பா அறுவடை முடிந்து தவிடும் குருணையும் மலிந்து கிடக்கும் மாதம். நான் எதுவும் சொல்லாமலிருந்தாலும் அந்தத் தொகுதி வந்திருக்கலாம்.

சோதனை என்று சொல்லத் தகுந்தது மூன்றாவது தொகுதி. அதே தாய்கள், மீண்டும் தைக் கடைசிப் பிறப்பு, ஐந்து மாதத்தில் மீண்டும் ஆடி. எட்டுப் பெண் குட்டிகள். ஆடியில் மண்டபம் மூடியதும் கலவைத் தீவனம் முழு அளவில் இறங்கியது. ஆவணி முடிவதற்குள் ஏழு பருவத்துக்கு வந்துவிட்டன. எடை வித்தியாசம் பெரியதற்கும் சிறியதற்கும் 20 கிலோவுக்குள். இரண்டாம் பருவத்தில் சேர்த்ததில் ஆறு முதல் முறையே சினை பிடித்தன. உயிரோடு பிறந்தவை ஈற்றுக்கு எட்டிலிருந்து பத்து. எட்டாவது உருப்படி பருவத்துக்கே வரவில்லை. எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும்.

இதிலும் தீவனத்தின் பங்கு எவ்வளவு, பொலிப்பன்றியை உள்ளே விட்டதன் பங்கு எவ்வளவு, காலையில் நின்று பார்த்ததால் கண்ணில் பட்டது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. மூன்றையும் சேர்த்தே மாற்றினோம். பிழைப்புக்காகப் பன்றி வளர்ப்பவரிடம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம் என்று கேட்பது நியாயமும் இல்லை. ஆனால் பன்றிகளுக்கிடையே எடை வித்தியாசம் சுருங்கியதற்குத் தொட்டியும் தீவனமும் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

பண்ணையாளருக்கு இப்போது வேறொரு யோசனை. இனி ஆடியில் பிறக்கும் குட்டிகளிலிருந்து மட்டுமே தாய்க்கு நிறுத்துவது, அப்போது பருவ வயது தை, மாசியில் விழும், தீவனம் வாங்க வேண்டியதில்லை என்கிறார். கணக்கு முழுசாகப் போட்டால் நிற்கவில்லை. ஆடிக் கடைசியில் பிறந்தது சித்திரையில் சேர்க்கைக்கு வரும், மறு ஆடிக் கடைசியில் ஈனும். வயிற்றுக் குட்டிகள் வேகமாக வளரும் கடைசி மாதம் முழுக்க ஆடியில் போகும். எட்டு வாரம் பால் கொடுத்துப் பிரிக்கும்போது புரட்டாசி. மறு பருவம் வரவேண்டிய நேரத்தில் மண்டபம் மறுபடி பூட்டிக் கிடக்கும். எந்த மாதத்தில் தொடங்கினாலும் வளர்ப்பின் ஏதாவது ஒரு கட்டம் வெற்று மாதத்தில் விழுந்தே தீரும்.

ஆகவே ஆடிக்கான தீவனத்தை ஆனியிலேயே சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எட்டு உருப்படிக்கு, தலைக்கு 2.2 கிலோ வீதம், 31 நாளுக்கு ஏறத்தாழ 550 கிலோ. குருணையும் புண்ணாக்கும் தாங்கும். தவிடு மட்டும் சில வாரத்தில் கசந்துபோகும். புழுங்கல் அரிசித் தவிடாகப் பார்த்து வாங்கினால் பச்சரிசித் தவிட்டைவிடக் கூடுதல் நாள் தாங்கும். இல்லையென்றால் அதை மட்டும் ஆடியிலேயே வாரா வாரம் மில்லில் வாங்கிக் கலந்துகொள்ளலாம், உமி கலக்காமல் பார்த்து.